சாலாமீ தூரே

வெள்ளி நாலு மணிக்கு
பொலிஷ் பிரிவின் ரேடியோவில்
கைக்கடிகாரத்தை விழுங்கிய நாயின் பாட்டு வரும்.
குட்டைக்கால் நாய், வயிற்றுக்குள் டிக் டிக்.
தபால்காரர் அதனிடம் நேரம் கேட்பார்,
பாதிரியார் அதைத் தூக்கி மணிக்கூண்டில் வைப்பார்.
என் அரைகுறை டொச்சுக்கே எல்லாம் விளங்கும்,
மூன்றாம் சரணத்தின் கடைசி அடியைத் தவிர:

சாலாமீ தூரே கன்னாலே பூ.

சுத்த டொச்சு என்பார் ஹன்ஸ்ரூடி.
சலாமி, கதவு, கால்வாய்கள், அப்பாடா.
நாய் சலாமிக்காகக் கதவைத் தாண்டிப் பாய்ந்து
கால்வாய் கால்வாயாக விழுந்தெழும்பி மூச்சு விடுகிறது.
இதில் என்ன மர்மம்?

ஜோசியான் கண்ணாடியைக் கழற்றுவாள்.
பிரெஞ்சு தெரியாதவனுக்கு எல்லாமே சலாமி.
"அழுக்கு நண்பனே, கடினம், கறுவா, பேன்."
பேனா?
"பேன்தான். நாய்க்கு இருக்காதா?"

இந்த ஊருக்கே பெயர் இரண்டு.
அவர் பீல் என்பார், அவள் பியென் என்பாள்,
பஸ்ஸின் ஒலிபெருக்கி இரண்டையும் சொல்லிக் களைத்துப்போகும்.
பதினொரு வருஷமாக அந்த ஓரடிக்கு வழக்கு.
தரை துடைக்கும் லூர்தெஸ்
தன் போர்த்துக்கீசில் அது ஒன்றுமேயில்லை என்றாள்,
ஒரு நிம்மதியோடு.

நான் வேலையில் சேர்ந்த முதல் வெள்ளி
உறை மாட்டிய விரல்களில்
ஒரு கடிகார மூடி மினுங்கத் தொடங்கியபோது
ரேடியோ என்னிடம் தமிழில் சொன்னது:
சாளைமீன் தூரே, கண்ணாளே, போ.

கை நின்றுவிட்டது.
எங்கள் வீட்டில் எவரும் கடலுக்குப் போனதில்லை.
அப்பா சைக்கிள் டியூப்புக்கு ஒட்டுப் போட்டார்.
சாளை எனக்கு ஆகாது, முள்.
கண்ணாளே என்று கூப்பிட்டவரும் இல்லை,
கட்டியவர் "இஞ்ச பாரும்" என்பார்.
ஆனாலும் ஒரு நாளின் ஒன்பது மணிநேரத்தில்
எனக்கென்று வந்த ஒரே வாக்கியம்.
ஏழு மாதம் எவருக்கும் சொல்லவில்லை.
வெளியே விட்டால் அதுவும் சலாமியாகிவிடும்.

பாடியவர் உயிரோடிருக்கிறார் என்று
கண்டுபிடித்தவள் லூர்தெஸ்.
றெட்டோ புர்க்ஹால்டர், மார்கழியில்
பழைய நகரச் சதுக்கத்தில் நத்தார் மரம் விற்கிறார்.
நால்வரும் போனோம். பனி சேறாகிக் கிடந்தது.

ஹன்ஸ்ரூடி கேட்டார்.
"சலாமிதான்" என்றார், மரத்துக்கு வலை மாட்டியபடி.
ஜோசியான் கேட்டாள்.
"பேன்தான் மதாம். ஒருவருக்காவது பிடிபட்டதே."
இரண்டு மரம் விற்றாயிற்று.

என் முறை. சாளைக்கு டொச்சு வரவில்லை,
சின்ன வெள்ளி மீன் என்றேன்.
அவர் வலையைக் கீழே விட்டார்.
"தூரத்திலா?"
தூரத்தில்.
"அவளைப் போகச் சொல்கிறானா,
போய் மீனைக் கொண்டுவரச் சொல்கிறானா?"
நான் யோசித்ததேயில்லை.
அவர் தன் இடது தாடையைத் தொட்டார்.
"அன்று காலை பல் பிடுங்கியிருந்தார்கள்.
பாதி வாய் என்னுடையதல்ல."
பிறகு, "ஐந்து ஃப்ராங்க் குறைத்துத் தருகிறேன், மீனுக்காக."

லூர்தெஸுக்கு ஒன்று சும்மா கொடுத்தார்,
எதுவும் கேட்காததற்கு.

எங்கள் வீட்டில் நத்தார் கிடையாது.
மரம் பால்கனியில், வலை கழற்றாமல் நிற்கிறது.
"இஞ்ச பாரும், இதென்ன?" என்றார்.
மீன் என்றேன்.

அடுத்த வெள்ளி நாலு மணி.
ஹன்ஸ்ரூடி வெற்றியோடு, ஜோசியான் வெற்றியோடு
அவரவர் அடியை உரக்கப் பாடினார்கள்.
எனக்கு வீங்கிய ஒரு கன்னம் மட்டும் கேட்டது,
மரத்த நாக்கு ஒரு சொல்லைத் தேடித் தடவுவது கேட்டது.
நானும் வாயைத் திறந்தேன்.
போ வருவதற்குள்
நாய் டிக் டிக் என்றது.